பர்மாக் கணக்கும் ஊர்க் கடிதமும்

நம் குலத்தார் கடல் கடந்து பொருளீட்டிய வரலாறு பேசப்படும்போதெல்லாம் பேச்சு பொருளோடு நின்றுவிடுகின்றது. இத்தனை கோடி முதல், இத்தனை லக்ஷம் ஏக்கர் நிலம், இவ்வளவு தேக்கு என்று எண்ணிக்கை சொல்லி, பின் அவை போன வகையையுஞ் சொல்லிப் பெருமூச்செறிந்து முடிப்பது வழக்கமாகிவிட்டது. அப்பொருளை ஈட்டப் போன ஆள், மூன்று வருஷம் பெண்டு பிள்ளைகளைக் காணாமல் ஆற்றுக் கழியோரத்து மரவீட்டில் விளக்கேற்றிக் கணக்கெழுதியவன், தன் வீட்டோடு எவ்வாறு உறவு வைத்திருந்தான் என்பதைக் கேட்பார் அரியர். அதனைக் குறித்தே ஈண்டுச் சில எழுதத் துணிந்தோம்.

முதற்கண் அவன் போய்ச் சேர்ந்த நிலம் எத்தகையது என்பதை நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். ஆங்கிலேயர் பர்மா தேசத்தை ஒரே வாயில் விழுங்கவில்லை. 1826-ல் அரக்கானும் தெனாஸரிமும், 1852-ல் பெகு நாடும், 1885-ல் மாந்தளை அரசும் அவர்கள் கைப்பட்டன. இவற்றுள் நடுவிற் சொன்ன பெகு நாடே நம் கதைக்கு உரியது. ஐராவதி நதி பல கிளைகளாய்ப் பிரிந்து கடலிற் கலக்கும் அப்பூமி, அந்நாளிற் பெரும்பாலும் சதுப்பும் புதர்க்காடுமாய்க் கிடந்தது. 1850-களின் நடுவில் கீழ்ப் பர்மாவில் நெல் விளைந்த நிலம் எட்டு லக்ஷம் ஏக்கருக்கு மேற்படவில்லை. 1930-களில் அது எண்பது லக்ஷத்தைக் கடந்தது. ஒருவர் ஆயுட்காலத்திற்குள் ஒரு காடு பத்து மடங்கு வயலாயிற்றென்றால், அங்கு நிகழ்ந்தது சாதாரண வேளாண்மையன்று, ஒரு புது நாடு குடியேறியதென்றே சொல்லல் வேண்டும்.

அக்காட்டை வெட்டியவர் யார்? பர்மியக் குடியானவரே. மேல் பர்மாவின் வறண்ட சீமையினின்று குடும்பத்தோடு இறங்கி வந்து, காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் பிள்ளைகளைப் பலி கொடுத்துக் காடு திருத்தினவர் அவர். நம்மவர் கோடரி பிடித்தனர் என்று கூறினாற் பொய்யாகும். ஆனால் மாடு வாங்க, விதை வாங்க, நடவுக் கூலி கொடுக்க, அறுவடை வரையிற் சாப்பிடப் பணம் வேண்டுமன்றோ? வெள்ளையர் பாங்கிகள் அரிசி ஏற்றுமதி செய்வார்க்குக் கடன் கொடுக்குமேயன்றி, சேற்றில் நிற்பவனை ஏறிட்டும் பாரா. கொடுத்தவர் நம்மவர். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் ஐரோப்பாவுக்குக் கப்பல் வழி சுருங்கியது. நெல்லுக்குக் கிராக்கி பெருகியது. 1850-ஐ ஒட்டி மௌல்மீனிற் கால் வைத்த நம்மவர் பின்னர் ரங்கூன் மொகல் தெருவை நிரப்பி, அங்கிருந்து ரயில் வழியும் ஆற்று வழியும் பெகு, ஹென்ஸாடா, பஸ்ஸீன், மியாங்மியா, பியாப்பன் என உள்நாடு புகுந்தனர். காட்டின் எல்லை நகர நகரக் கடையின் எல்லையும் நகர்ந்தது. 1929–30-ல் பர்மா மாகாணத்து பாங்கி விசாரணைக் கமிட்டியார் எண்ணிப் பார்த்தபோது கடைகள் சுமார் 1,650, அவற்றிற் புழங்கிய முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்று கண்டனர்.

நிற்க. இக்கடைகளில் இருந்தவர் எல்லாரும் முதலாளிகள் என்று எண்ணுதல் தவறு. முதலாளி பெரும்பாலும் தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ கானாடுகாத்தானிலோ தம் வீட்டுப் பட்டாலையில் இருப்பார். கடையில் இருந்தவர் சம்பளத்தாட்கள். பன்னிரண்டு பதின்மூன்று வயதிற் பெட்டியடிப் பையனாய்ச் சேர்ந்து, குறிப்பெழுதப் பழகி, அடுத்தாளாகி, பின் மேலாள் ஆதல் படிமுறை. போகுமுன் சம்பளச் சிட்டை எழுதப்படும். மூன்று வருஷத்துக்கு இவ்வளவு என்று முடிவாகும். அதில் ஒரு பகுதியை முன்பணமாகப் பெற்று வீட்டிற் கொடுத்துவிட்டுக் கப்பலேறுவான். இதனைக் ‘கணக்கு’ என்பர். ‘அவர் எத்தனை கணக்குப் பார்த்தவர்?’ என்றால் எத்தனை முறை அக்கரை போய் வந்தவர் என்று பொருள். ஒரு மனிதனுடைய வாலிபத்தைக் கணக்கினால் அளந்த பேச்சு இது. பிற குலத்தாரிடம் இவ்வழக்கை யாம் கேட்டதில்லை.

பயணம் சொல்லிக்கொள்ளுதல் ஒரு பெருஞ் சடங்கு. நாள் பார்த்து, கோயிலில் அர்ச்சனை செய்து, உற்றார் வீடு ஒவ்வொன்றிலும் ஏறி இறங்கி விடைபெறுவர். விடை கொடுக்கும் முதியவள் ஒருத்தி மீண்டு காண்போமோ என்று நினைப்பாள், சொல்லமாட்டாள். பாய்மரத் தோணியிற் போன காலத்தில் காற்றின் தயவை நம்பிக் கிடக்கவேண்டியிருந்தது. நீராவிக் கப்பல் வந்தபின் சென்னையினின்று ரங்கூன் மூன்று நான்கு நாட் பயணமாயிற்று. தூரம் குறைந்ததேயன்றிக் காலம் குறைந்ததில்லை. கணக்கு மூன்று வருஷமே.

பெண்டுகளை உடனழைத்துப் போகும் வழக்கம் நம்மவரிடை மிக அருகியே இருந்தது. பிற்காலத்திற் சிலர் அழைத்துச் சென்றனர் என்பது உண்மை. பொது விதி அஃதன்று. ஏன் அழைத்துச் செல்லவில்லை? செலவு ஒரு காரணம். கடையும் வீடும் ஒன்றாயிருந்தமை மற்றொன்று. ஆயினும் ஆழ்ந்த காரணம் நம் கோயில் ஒழுங்கிலே உள்ளதென்று கருதுகின்றோம். இளையாற்றங்குடி முதற் பிள்ளையார்பட்டி ஈறான ஒன்பது நகரக் கோயில்களுள் தனக்குரிய கோயிலினின்று மாலை வந்தாலன்றி நம்மவனுக்கு விவாகமில்லை. விவாகமானபின்னரே அவன் தனிப் புள்ளி. புள்ளியானவன் வரி செலுத்துவான். கோயிற் காரியத்திலும் ஊர்க் காரியத்திலும் அவன் குடும்பம் ஒன்றாக எண்ணப்படும். இப்புள்ளி ஊரில் உள்ளதேயன்றி ரங்கூனில் இல்லை. எத்தனை லக்ஷம் ஈட்டினாலும், பிறந்த மண்ணில் அடுப்பும் புள்ளியும் இல்லாதவன் நம்மவருள் ஆளாக மாட்டான். அக்கரையில் எழுப்பிய தண்டாயுதபாணி கோயில்களோ வழிபாட்டிடமும் வியாபாரக் கூடமுமாய் நின்றன. ரங்கூன் கோயிலில் தமிழ் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியைத் தீர்மானித்தனர். அங்கு முருகனுக்குப் பால் அபிஷேகம் நடந்தது; மாலை கொடுக்கும் அதிகாரம் மட்டும் ஒன்பது கோயில்களை விட்டு நகரவில்லை.

இதற்கு மாறாய் நடந்தவரும் உண்டு. மலாக்காவில் போர்த்துக்கேசியர் வருமுன்னரே வணிகஞ் செய்த தமிழ்ச் செட்டிகள் அவ்விடத்துப் பெண்களை மணந்து அங்கேயே வேரூன்றினர். அவர் வழியினர் இன்றும் அந்நகரில் உளர். 1781-ல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. சைவ ஒழுக்கம் விடவில்லை. பேசும் மொழி மலாய். உடுக்கும் உடையும் உண்ணும் பண்டமும் அந்நாட்டினவாய் மாறின. அவர்கள் நம் நகரத்தாரல்லர், வேறு வகுப்பினர். எனினும் இருவரையும் அருகே வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். அவர்கள் தங்கினர், தாய்நாட்டை இழந்தனர். நம்மவர் தாய்நாட்டை விடவில்லை, எங்கும் தங்கவுமில்லை. எது நன்று என்று தீர்ப்புச் சொல்ல யாம் வரவில்லை. ஆயினும் நம் முறைக்கும் விலை உண்டென்பதைப் பின்னர்க் காண்போம்.

கடிதத்துக்கு வருவோம். அக்கரைக் கடைக்கும் ஊருக்கும் இடையே போய் வந்த எழுத்து இருவகை. ஒன்று, கடைக் காகிதம். மாதந்தோறும் வரவு செலவும் ஐந்தொகையும் முதலாளிக்கு வரவேண்டும். பிள்ளையார் சுழி இட்டு, சிவமயம் எழுதி, விலாசங் குறித்து, தமிழ் வருஷமும் மாதமும் தேதியும் பொறித்துக் காசு பிசகாமல் எழுதிய இக்கணக்கை வாசித்தே, பெகு ஜில்லாவில் மழை பெய்ததா, நெல் விலை ஏறிற்றா, யாருடைய கடன் சந்தேகம் என்பதையெல்லாம் பட்டாலையிலிருந்தே முதலாளி அறிந்தார். கணக்கு எழுதத் தெரியாதவனுக்குப் பெண் கொடார் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம்.

மற்றொன்று வீட்டுக் கடிதம். இரண்டையும் முற்றிலும் வேறென்று பிரித்தலும் ஆகாது. ஏனெனில் வீட்டுப் பெண்களின் பணமும் கடையில் இருந்தது. ‘ஆச்சிமார் பணம்’ என்றே அதற்குப் பெயர். சீதனமாய் வந்ததையும், அதன் வட்டியையும், சிக்கனத்தாற் சேர்த்ததையும் பெண்கள் உறவினர் கடையில் தம் பேரிற் போட்டு வைத்தனர். ஒரே வீட்டிற் பல புள்ளிகள் இருந்து தனித்தனி அடுப்பு மூட்டும் நம் வழக்கத்தில் ஒவ்வொருத்தியும் தன் கணக்குத் தானறிவாள். ஆகவே ஹென்ஸாடாவில் ஒரு பர்மியன் மாடு வாங்கிய கடனின் ஓரத்திலே, கண்டனூரில் முறம் புடைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவியின் சீதனமும் இருந்தது. இதனை அவனும் அறியான். அவள் மட்டும் வட்டி வரும் தேதியை மறவாள்.

எம் வீட்டுப் பரணில் தகரப் பெட்டி ஒன்று உண்டு. எம் ஐயா, அதாவது தகப்பனாரைப் பெற்றவர், மூன்று கணக்குப் பார்த்தவர். மூன்றாங் கணக்கு பகுதானிய வருஷத்தில், 1938-ல் தொடங்கியது. அவர் எழுதிய கடிதங்கள் அறுபதுக்கு மேல் அப்பெட்டியில் உள்ளன. சில ஆண்டுகளுக்கு முன் வீட்டைச் செப்பனிட வந்தோர் பழங்காகிதம் என்று எடைக்குப் போடக் கட்டி வைத்திருந்ததைத் தற்செயலாய்க் கண்டு மீட்டோம். கையெழுத்துப் பழக ஒரு மாதம் பிடித்தது.

அவற்றுள் ஒன்றேனும் எம் அப்பத்தாவுக்கு நேரே எழுதியதில்லை. அந்நாளில் மனைவிக்கு எழுதுதல் மரியாதையன்று. தம் தகப்பனாருக்கு எழுதுவார். அவர் காலமானபின் தமையனாருக்கு. க்ஷேமம் கேட்டு, பணம் அனுப்பிய விவரம் சொல்லி, கோயில் மகமையை நினைவூட்டி, கடைசியில் ஒரு வரியில் ‘பெண்டுகள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்’ என்பார். அவ்வளவே. அப்பத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தமையனார் கடிதத்தைப் பட்டாலையில் உரக்க வாசிப்பார். அவள் வளவுக் கதவோரம் நின்று கேட்பாள். அவள் சொல்லவேண்டியதை வீட்டுப் பையன் ஒருவன் எழுதுவான். பதினோரு வயதுப் பையன் கையால் ஒரு பெண் தன் கணவனுக்கு எதைச் சொல்லக் கூடும்? பசு கன்று ஈன்றது, மகளுக்குக் காது குத்தியது, மழை இல்லை, ஊருணி வற்றியது, இவற்றைச் சொல்லலாம்.

ஆயினும் இவ்வெல்லைக்குள்ளேயே அவர்கள் பேசிக்கொண்டனர் என்று யாம் நம்புகின்றோம். ஒரு கடிதத்தில் ஐயா, ‘வடக்கு அறைப் பூட்டைப் பற்றி எழுதியது தெரிந்தது, அப்படியே இருக்கட்டும்’ என்கிறார். வடக்கு அறைப் பூட்டில் என்ன இருந்தது? கூட்டு வீட்டில் ஏற்பட்ட மனத்தாங்கலா, அவள் ஒளித்து வைத்த பணமா? வேறொன்றில், ‘அழ வேண்டாம் என்று சொல்லவும்’ என்று மட்டும் உள்ளது. யார் அழுதார், எதற்கு என்று இல்லை. கேள்வி அக்கரையில் நின்றுவிட்டது. இக்கரையில் எமக்குக் கிடைப்பது விடை மட்டுமே. ஏனென்பது கீழே விளங்கும்.

பணத்தோடு பண்டமும் வந்தது. அரக்குப் பூசிய பர்மிய மூங்கிற் பெட்டிகளும் தட்டுக்களும், தேக்குத் தூணும், சீமைப் பீங்கானும் இன்றும் நம் வீடுகளில் உள. மகள் கலியாணத்துக்குப் பத்து வருஷம் முன்பே சாமான் வாங்கி அனுப்பத் தொடங்குவர். சாமான் அறையைத் திறந்தால் தகப்பன் எத்தனை வருஷம் வீட்டில் இல்லை என்பதை எண்ணிவிடலாம் என்று எம் அத்தையார் ஒருவர் சொல்வதுண்டு.

கடிதத்தில் எழுதப்படாத செய்தியையுங் கூற வேண்டும். நம்மவர் சிலர் அக்கரையிற் பர்மியப் பெண்களோடு வாழ்ந்தனர்; பிள்ளைகளும் பிறந்தனர். அப்பிள்ளைகளுக்கு இங்கே புள்ளியில்லை; கோயில் மாலையில்லை. கணக்கு முடிந்து தகப்பன் கப்பலேறியபின் அவர்களிற் பலர் மறுபடி அவனைக் கண்டதில்லை. இதனை அச்சிடல் வேண்டுமா என்று நம் நேயர் சிலர் முகஞ் சுளிக்கலாம். ஊரோடு வைத்த உறவை மெச்சுகின்ற நாம், அவ்வுறவின் பொருட்டு அறுக்கப்பட்ட உறவை மறைத்தல் நேர்மையாகாது.

இனி விலையைப் பற்றிச் சொல்வோம். 1930-ல் உலகெங்கும் விலைவாசி சரிந்தது. நெல் விலை பாதிக்குக் கீழ் இறங்கிற்று. குடியானவனாற் கடனைக் கொடுக்க முடியவில்லை. நம்மவரால் வாங்காமலிருக்கவும் முடியவில்லை, ஏனெனில் அவர்களுடைய முதலிற் பெரும் பகுதி பிறர் போட்ட பணம், ஆச்சிமார் பணமும் உட்பட. ஈடாயிருந்த நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவில் நெல் விளையும் பதின்மூன்று முக்கிய ஜில்லாக்களில் 1930-ல் நம்மவர்க்கு இருந்த நிலம் நூற்றுக்கு ஆறு பங்கு. 1938-ல் அது நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. ஏறக்குறைய 25 லக்ஷம் ஏக்கர். நிலத்தை விரும்பி வாங்கினாரல்லர் என்பது நம்மவர் எப்போதுங் கூறும் சமாதானம். அதில் உண்மை உண்டு. வணிகனுக்கு வேண்டியது ரொக்கம், விற்கவியலாத வயலன்று. ஆனால் காடு வெட்டியவன் பக்கத்தினின்று பாருங்கள். தன் பாட்டன் திருத்திய மண் போயிற்று. போன இடமோ, மூன்று வருஷத்துக்கொருமுறை முகம் மாறும் ஒரு கடை. அக்கடைக்கு மனைவியில்லை, பிள்ளையில்லை, அவ்வூர்ச் சுடுகாட்டிற் பங்கில்லை. இலாபம் போகுமிடம் கடலுக்கப்பாற்பட்ட ஒரு மாளிகை. 1930 டிசம்பரில் தாராவாடியில் ஸயா ஸான் கலகம் எழுந்தது. ஆங்கிலேயரின் வரிமேலெழுந்த அச்சினம் நம்மவரையும் சும்மா விடவில்லை.

நம்மவர் ஊரோடு வைத்த இடையறா உறவே அவர்களை அங்கே அந்நியராக்கியது என்பது எம் துணிபு. பெண்டுகளோடு குடியிருந்து, அந்நாட்டுப் பள்ளியிற் பிள்ளைகளைச் சேர்த்திருந்தால் கடன்காரன் வேறு கண்ணோடு பார்த்திருப்பானோ என்னவோ. வட்டி குறைந்திராது, வெறுப்பு ஒருவேளை குறைந்திருக்கும். இக்கருத்தை மறுப்போரும் உளர். குடும்பத்தோடு தங்கிய இந்தியர் பலரும் அடி வாங்கினர் என்பர், அதுவும் மெய்யே.

1937 ஏப்ரல் முதல் தேதி பர்மா இந்தியாவினின்று பிரிக்கப்பட்டது. ஐயா கடிதங்களில் இம்மாறுதலுக்கு ஒரே சாட்சி தபால் தலை. இரண்டாங் கணக்கின் உறைகளில் இந்தியத் தலை இருக்கின்றது. மூன்றாங் கணக்கின் உறைகளில் பர்மாத் தலை. உள்ளே எழுத்து மாறவில்லை. பசுவும் மழையும் மகமையுமே.

விஷு வருஷம் மார்கழியில், 1941 டிசம்பர் 23-ந் தேதி, ஜப்பானியர் ரங்கூனிற் குண்டு வீசினர். 1942 மார்ச் 8-ல் நகரம் வீழ்ந்தது. கப்பல் கிடைத்தவர் கப்பலேறினர். கிடையாதவர் நடந்தனர். நாலு லக்ஷத்துக்குக் குறையாத இந்தியர் அரக்கான் வழியாகவும், மணிப்பூர் வழியாகவும், வடக்கே ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியாகவும் வெளியேறினர். வாந்திபேதியாலும் மலைக்காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியில் மாண்டார் பல்லாயிரவர். ஊர்களில் தபால் நின்றது. வாரந்தோறும் தபாற்காரனை எதிர்பார்த்த பட்டாலைகளில் ஒருவரும் உரக்கப் பேசவில்லையாம். தாலியோடிருப்பதா, என்செய்வதென்றறியாமல் ஆறு மாதம் கழித்த பெண்கள் நம் ஊர் ஒவ்வொன்றிலும் இருந்தனர். அவர்கள் பட்டதை எவரும் எழுதி வைக்கவில்லை.

எம் ஐயா மோன்யுவாவினின்று கலேவா, தாமு, பாலேல், இம்பால் என நடந்து, திமாப்பூரில் ரயில் ஏறினார். கையிற் கொணர்ந்தது ஒரு சிறு மூட்டை. மூட்டைக்குள் கடைப் பேரேடும், நிலப் பத்திரங்களும், கடன் சீட்டுக்களும் இருந்தன. முதலாளிக்கு ஒப்புவிக்கவேண்டிய பொருள் என்று, மாற்று வேஷ்டியையும் விட்டுவிட்டு அதைச் சுமந்தார். ஊரினின்று மூன்று வருஷத்துக்கு மேல் வந்த கடிதங்களைக் கயிற்றாற் கட்டி வைத்திருந்தாராம். அக்கட்டு கடையிலேயே இருந்துவிட்டது. எரிந்ததோ, செல்லரித்ததோ அறியோம். எம் பெட்டியில் விடை இருந்து வினா இல்லாதது இதனாலேதான்.

சுமந்து வந்த பேரேட்டாற் பயனும் விளையவில்லை. 1948 ஜனவரி 4-ல் பர்மா சுதந்திரம் பெற்றது. அவ்வருஷமே நிலத்தைத் தேசியமாக்கும் சட்டம் பிறந்தது, 1953-ல் மற்றொன்று. 1962-ல் ராணுவத்தார் ஆட்சிக்கு வந்தபின் எஞ்சிய கடைகளும் போயின. உரிய இழப்பீடு நம்மவர்க்கு வந்திலது. அப்பேரேட்டின்படி பியாப்பன் ஜில்லாவில் எழுபத்திரண்டு பேர் இன்னும் அம்முதலாளிக்குக் கடன்காரர். அவர்களுக்கு அப்பால் நின்று பார்த்தால், அந்நிலம் திரும்பவும் காடு திருத்தியவர் மக்கள் கைக்கே போயிற்றென்று சொல்லவும் கூடும்.

அன்பர்கள் தம் பரணிலும் சாமான் அறையிலும் உள்ள பழங் கடிதங்களை எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பார்க்க வேண்டுகின்றோம். சிறப்பாய், ஊரினின்று அக்கரைக்குப் போய், எவ்வாறோ தப்பித் திரும்பி வந்த கடிதம், ஒரு பெண் சொல்லப் பையன் எழுதியது, ஒன்றேனும் எவரிடமாவது இருக்குமாயின் அதனைக் காண விழைகின்றோம்.

எம் பெட்டியின் கடைசிக் கடிதம் 1941 நவம்பரில் எழுதியது. பின்கட்டிற் கிணறு வெட்டத் தொடங்கிய செய்தி அவருக்கு எட்டியிருந்தது. எத்தனை அடி இறங்கியது, பாறை தட்டியதா, ஊற்றுக் கண்டதா என்று மூன்று கேள்வி கேட்டு, உடனே எழுதும்படி சொல்லி முடித்திருக்கின்றார். நாற்பத்திரண்டு அடியில் நல்ல தண்ணீர் கண்டது. பதில் எழுதித் தபாலிற் சேர்த்தனர், போய்ச் சேரவில்லை. ஆறு மாதங் கழித்து, தாடியும் வீங்கிய காலுமாய், வில்வண்டியினின்று இறங்கியவரை முதலில் அடையாளங் காணாமல் ‘யார்?’ என்று கேட்ட அப்பத்தா, பின் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், அக்கிணற்றிலிருந்து ஒரு செம்புத் தண்ணீர் சேந்திக் கொணர்ந்து கொடுத்தாளாம்.